பூவைத் தொட்டால் ஒரு கைப்பிடி உப்பு

எங்கள் வீட்டில் சமையல் என் கணவருடையது. மதுரையில் இதைச் சொன்னால் ஒன்று அவரைப் பாவம் என்பார்கள், இல்லையென்றால் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். இரண்டும் இல்லை. எனக்கு அடுப்பின் முன்னால் நிற்கிற பொறுமை கிடையாது, அவ்வளவுதான். வெங்காயம் வதங்குவதற்குள் வாசலுக்கு ஒரு நடை, மாடிக்கு ஒரு நடை என்று போய்விட்டுத் திரும்பி வந்தால் சட்டியில் கரிதான் இருக்கும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். எனக்கு ஆக்கவே பொறுக்காது.

அவர் நேர்மாறு. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. வாரம் முழுக்கக் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லி வறுக்க ஆரம்பித்தால், அதற்கப்புறம் வீட்டில் நடப்பதெல்லாம் அவர் மூக்கின் ஆட்சி. கடிகாரம் பார்க்க மாட்டார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே, இஞ்சி பூண்டின் பச்சை வாடை போய்விட்டது, தக்காளியைப் போடு என்று மகளுக்கு உத்தரவு போடுவார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். கீழ் வீட்டு அக்கா படியில் நின்று, "என்ன அண்ணே, இன்னைக்கிக் கறியா?" என்று கேட்பதும், மகள் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதும், கிண்ணம் வெறுமனே திரும்பாமல் முறுக்கோ மாம்பழமோ ஏறி வருவதும் எங்கள் ஞாயிறு. இதையெல்லாம் சந்தோஷம் என்று அப்போது யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அந்த மூக்கோடு எனக்கு ஒரே ஒரு சண்டை உண்டு. நான் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. வீட்டில் எண்ணெய் வண்ணத்தில் வரைவேன். எண்ணெய் வண்ணம் என்றால் டர்பன்டைன் வேண்டும். வண்ணத்தை இளக்க, தூரிகையைக் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். மூடியைத் திறந்த மறுநொடி அடுப்படியிலிருந்து குரல் வரும். "ஏய், அந்த டப்பாவ மூடு. வீடே நாறுது." நான், "மூடுறேன் மூடுறேன், இந்த ஆகாசத்த முடிச்சிட்டு" என்பேன். ஆகாசம் முடியாது. அவர் வந்து நிற்பார். சாம்பாரில் டர்பன்டைன் ஏறுகிறது என்பார். கடைசியில் நான் படம் வைக்கிற ஸ்டாண்டையும் பலகையையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவேன். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் கீழே நின்று வரைந்து பார்த்தால்தான் தெரியும். வண்ணம் உருகுகிறதா நான் உருகுகிறேனா என்று புரியாது. கூடம் அப்பாவுக்கு, மாடி அம்மாவுக்கு, படிக்கட்டு பார்டர் என்று மகள் கேலி செய்வாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பார்டர் சண்டையில் ஒரு முறைகூட நான் ஜெயித்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். கஞ்சி குடித்தார், படுத்தார், எழுந்தார். எழுந்த முதல் ஞாயிறு எண்ணெய் காயவைத்துக் கடுகு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தோடு ஓடி வந்தாள்.

"அப்பா, கருகுது."

அவர் சட்டியின் நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். புகை அவர் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை கறுப்பாகச் சுருண்டுகொண்டிருந்ததை மூன்று பேரும் பார்த்தோம். அவர் அடுப்பை அணைத்தார். சட்டியை முகத்தருகே தூக்கிப் பிடித்தார். பிறகு பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தார். அதை மூடிவிட்டு, சுக்குக் காப்பித் தூள். பிறகு பூஜை அலமாரியிலிருந்து கற்பூரம். அதையும் வைத்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. போன மோப்பம் சில பேருக்குச் சீக்கிரம் திரும்பும், சில பேருக்கு மாதக்கணக்காகும், சில பேருக்குத் திரும்பாமலேயும் போகும் என்றார். காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து, அதன் வாசனையை நினைவுக்குக் கொண்டுவந்து பழகச் சொன்னார். நாக்கு நன்றாகவே இருந்தது. உப்பு, புளி, காரம் தெரிந்தது. அதற்குமேல் சோற்றில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். மீனும் கத்திரிக்காயும் ஒன்றுபோல இருக்கிறதாம்.

அவர் தினமும் சாமி கும்பிடுகிற மாதிரி அவற்றைப் போட்டுவைத்த சின்னப் பாட்டில்களின் முன்னால் உட்காருவார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவர் கிராம்பை முகரும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். தெரியுதா, தெரியுதா என்று கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவார். அது போதாதென்று நானே வேவு பார்க்க ஆரம்பித்தேன். பாலை வேண்டுமென்றே அடிபிடிக்க விட்டேன். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கருவாட்டைப் பொட்டலம் பிரித்து அவர் படிக்கிற மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். பூனை மட்டும் வந்தது.

பொட்டலத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "என்னைய என்ன, சோதனைக்கூட எலின்னு நெனச்சியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சோர்வாகக் கேட்டார்.

இதற்கிடையில் என் ஸ்டாண்டு மெல்ல மெல்லப் படியிறங்கி வந்தது. முதலில் மழைக்காக. பிறகு மழை விட்டபிறகும். டர்பன்டைனை அடுப்படி வாசலுக்கு நேரே வைத்துத் திறந்தேன். யாரும் கத்தவில்லை. மின்விசிறிக்குக் கீழே, நல்ல வெளிச்சத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்து வரைந்தேன். எத்தனை வருடம் கேட்டுப் போராடிய இடம். கீழக்குயில்குடிக்கு ஸ்கூட்டரில் போய் எடுத்துவந்த படத்தை வைத்துச் சமணர் மலையை வரைய முயன்றேன். பாறையின் மஞ்சளும் சாம்பலும் கலந்த அந்த நிறம் எனக்கு எப்போதும் நழுவுகிற நிறம். இங்கே வசதியாக உட்கார்ந்தும் அது நழுவியது. சற்றைக்கொரு தரம் அடுப்படியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்த நிறம்தான் கைக்கு வரும்?

இப்படி இருக்கும்போதுதான் குலசாமி கும்பிடு வந்தது.

அவருடைய ஊர் அலங்காநல்லூருக்குப் பக்கத்தில். அவர் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான் படிப்பும் ஆபீசும் கொஞ்சம் நிலமும். ஆண்டுக்கொரு முறை பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வெளியே இருக்கிற சாமியிடம் கூடிக் கிடா வெட்டிப் படையல் போடுவார்கள். அன்றைக்குக் கறிக்குழம்பு வைக்கும் கரண்டி பல வருடமாக இவர் கையில். ஆபீசில் இவர் சொல்லுக்கு என்ன மதிப்போ எனக்குத் தெரியாது. அந்தப் புளியமரத்தடியில் இவர்தான் ராஜா.

அங்கே இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, சாமிக்குப் படைத்து முடிக்கும்வரை குழம்பை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. சமைக்கிறவரும்தான். உப்பு சரியா என்று மோந்துதான் பார்க்க வேண்டும். உப்பு ஏறாத குழம்பில் ஒரு பச்சை வாடை அடிக்கும், ஏறியதும் கறியின் வாசம் எழுந்துவரும் என்பார் இவர். உப்புக்கு ஏது வாசம் என்று நான் சிரித்திருக்கிறேன். ஆனால் இவர் கையில் அது ஒரு வருடமும் தப்பியதில்லை. இரண்டாவது, கோயில் அடுப்பின் பக்கம் பெண்கள் போகக் கூடாது. இதன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அந்த வருடம் அந்தக் கோபம் இரண்டு மடங்கானது.

ஏனென்றால் மூக்கு போனதை இவர் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். சொன்னால் கரண்டி கைமாறிவிடும். அடுத்த ஆள் தயாராக இருந்தார், இவருடைய சித்தப்பா மகன். அவர் பாக்கெட் மசாலா போடுகிறவர். "சாமிக்குப் பாக்கெட்டப் பிரிச்சுப் போடுவான். அதப் பாத்துக்கிட்டு நான் ஓரமா நிக்கணுமா?" என்றார். எனக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அவர் இத்தனை அழுத்தமாகப் பேசியதும் அன்றுதான்.

ஆகவே ஒரு திட்டம் போட்டோம். மூக்கு என்னுடையது, கை அவருடையது. இரண்டு வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. உப்புப் போடாத குழம்பை மோந்து பார், இப்போது பாதி உப்பு, இப்போது முழு உப்பு என்று என்னை அடுப்பின் முன்னால் நிற்கவைத்தார். நானும் நின்றேன். ஆச்சரியம்தான், வித்தியாசம் தெரிந்தது. மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு என்னைவிட நல்ல மூக்கு. ஆனால் கும்பிடு அன்றைக்குக் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. ஆகவே நான்தான்.

கோயிலில் நான் உட்கார வேண்டிய இடத்தையும் முடிவு செய்தோம். அடுப்புப் புகை காற்றில் வருகிற பக்கம், பெண்கள் வெங்காயம் உரிக்கிற புளியமரத்தடி. அங்கிருந்து சைகை. தலையிலிருக்கும் பூவைத் தொட்டால் இன்னும் ஒரு கைப்பிடி உப்பு. முந்தானையால் முகத்தைத் துடைத்தால், உப்புப் போதும் என்று அர்த்தம். சுலபமாக இருந்தது. என்னைப் போல ஓரிடத்தில் கை கால் நிற்காத ஒருத்தியிடம் இப்படியொரு வேலையைக் கொடுக்கலாமா என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குக் குழம்புக் கொப்பரை கொதிக்க ஆரம்பித்தது. புகை வந்தது. மோந்து பார்த்தேன். பச்சை வாடை இருந்தது. பூவைத் தொட்டேன். அவர் கல்லுப்பை அள்ளிப் போட்டார். கிண்டினார். வாடை குறைந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும். பூவைத் தொட்டேன். போட்டார். அப்போது கறி வாசம் எழுந்துவந்தது பாருங்கள், அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ பேசிக்கொண்டே, கழுத்தில் சரிந்த சரத்தைத் தூக்கிவிட்டேன். கொண்டை ஊசியையும் ஒரு அழுத்து அழுத்தினேன். திரும்பினால் அவர் கை கொப்பரைக்கு மேலே விரிந்திருந்தது. உப்பு உள்ளே போய்விட்டது.

ஐயோ என்று தலையில் கை வைத்தேன்.

அவர் அதையும் பார்த்தார். இன்னொரு கைப்பிடி போட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்கு முந்தானை ஞாபகம் வந்தது. முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தேன். அவர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு விறகை வெளியே இழுத்தார். எழுந்து ஓடிச் சொல்லலாம் என்றால் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. வெங்காயத்தை உரிக்கிறேன் என்று உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவரை அனுப்பித் தண்ணீர் விடச் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் படையலுக்கு மணி அடித்துவிட்டது.

பந்தி உட்கார்ந்தது. சாமி சோற்றைக் குறை சொல்லக் கூடாது என்பதும் அங்கே ஒரு கட்டுப்பாடு. முதல் வாய் வைத்தவர்கள் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்து சாப்பிட்டார்கள். சோறு கேட்டார்கள். இன்னும் சோறு கேட்டார்கள். தண்ணீர் கேட்டார்கள். மோர் கேட்டார்கள். தண்ணீர்க் குடம் காலியாகி, ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடினார். பாக்கெட் மசாலாக்காரர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டே மென்றார். ஒரு வார்த்தை பேச வேண்டுமே யாராவது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்களை அந்தக் கூட்டம் சாகும்வரை மறக்காது.

சமைத்தவரும் பரிமாறுகிறவர்களும் கடைசியில்தான் உண்பார்கள். அவர் உட்கார்ந்து, பிசைந்து, வாயில் வைத்தார். நாக்குதான் நன்றாக இருக்கிறதே. மென்றுகொண்டே என்னைத் தேடினார். நான் கோயில் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அவருடைய அக்கா ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு, இலை எடுக்கிற சாக்கில் அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏண்டா தம்பி, மூக்கு எப்பப் போச்சு?"

அவர் இலையைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

"நான் எதுக்குடா சொல்லப் போறேன்? அடுத்த வருசமும் கரண்டி ஒனக்குத்தான். அதுக்குள்ள மூக்கத் தேடிப் பிடி."

வண்டியில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து திட்டுக்குக் காத்திருந்தேன். வயல் போனது, வாழைத்தோப்பு போனது, ஊர் எல்லையும் வந்தது. அவர் திட்டவில்லை. நான் எப்படியெப்படியோ விளக்கினேன், ஊசி சரிந்தது, சரம் அவிழ்ந்தது என்று. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "இனிமே நீயே ஆக்கு" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை இப்போதும் நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அவர் அடுப்படிப் பக்கம் வரவில்லை. முகர்ந்து பழகுகிற பாட்டில்களில் தூசி ஏறியது. நான் சமைத்தேன். ரசம் என்று ஒன்றை வைத்தேன், மகள் அது என்ன குழம்பு என்று மரியாதையாகக் கேட்டாள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவர் ஒரு குறை சொல்லவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எகிறுகிற மனிதர். கீழ் வீட்டு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் கேட்பதில்லை. அவர் என்னைத் திட்டிவிட்டால் தேவலை என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. மூக்கு வராமலே போய்விடும் என்பதுகூட இல்லை. இந்த மனிதர் இப்படியே, எதற்கும் முகம் சுளிக்காதவராகவே இருந்துவிடுவார் என்பதுதான் பயம்.

மலையை விட்டுவிட்டு வேறொன்று வரைய ஆரம்பித்திருந்தேன். புளியமரத்தடி, பந்தி, வரிசையாக உட்கார்ந்திருக்கிற பங்காளிகள், ஆளுக்கொரு டம்ளரை அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார்கள். வரைய வரைய எனக்கே சிரிப்பு வந்தது. காட்டினால் அவர் மனது புண்படுமோ என்று பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிடுவேன்.

ஒரு விடுமுறை நாள். மகள் கடைக்குப் போயிருந்தாள். நான் புளிய இலைகளுக்கு இடையில் ஆகாசம் வைத்துக்கொண்டிருந்தேன். டர்பன்டைன் டப்பா காலடியில் திறந்து கிடந்தது. அவர் உள் அறையில் படுத்திருந்தவர் எழுந்து தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனார்.

"ஏய், அந்த டப்பாவ மூடு. வீடே நாறுது."

"மூடுறேன் மூடுறேன், இந்த ஆகாசத்த முடிச்சிட்டு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தூரிகை இரண்டு இலை தாண்டிப் போய்த்தான் நின்றது. திரும்பினேன். அவர் அடுப்படி வாசலில் செம்போடு நின்றுகொண்டிருந்தார். சொன்னது என்ன என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

அவர் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, டப்பாவின் மேல் குனிந்தார். முகம் கோணியது. இருமினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. திரும்பவும் குனிந்தார்.

"நாறுதா?"

"கொடலப் புடுங்குது" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து ஓடிப்போய் மல்லி டப்பாவைத் திறந்தார், பெருங்காயத்தைத் திறந்தார், சீரகத்தைத் திறந்தார். ஒவ்வொன்றாக மூடிவைத்துவிட்டு வந்தார். ஒன்றும் தெரியவில்லையாம். இந்த டர்பன்டைன் மட்டும்தான். உலகத்தில் இருக்கிற அத்தனை நல்ல வாசனையையும் விட்டுவிட்டு இந்தச் சனியன் பிடித்த டப்பாவில் வந்து நிற்கிறதே மூக்கு என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார். பிறகு, சுவர்ப்பக்கம் திருப்பிவைக்க மறந்த படத்தைப் பார்த்தார். டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாக்கெட் மசாலாக்காரர் வானத்தைப் பார்க்கிற இடத்தில் விரலை வைத்தார். வண்ணம் விரலில் ஒட்டியது.

"இத மாடில வச்சு வரை. இங்கன வேணாம்."

வாதாடவில்லை. ஸ்டாண்டையும் பலகையையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு படியேறினேன். தகரக் கொட்டகை வெயிலில் தகதகத்தது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்ததால் தரை சுட்டது, ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை. கீழே கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டின் அடியிலிருந்து குரல் வந்தது. வீட்டுச் சமையலுக்கு அவர் நாக்கே போதும், என் மூக்கு தேவையில்லை. ஆனாலும் கூப்பிட்டார். கும்பிடு அன்றைக்கு நடந்ததைப் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"உப்பு சரியா இருக்கான்னு வந்து மோந்து பாத்துச் சொல்லு. கைய மட்டும் தலைக்குக் கொண்டு போகாத."

என் கை அப்போது தலையில்தான் இருந்தது.